செல்லக்கிளி வேலை பார்த்த பதினோரு நாள்

தள்ளி உட்காரச் சொன்னது என்னையா? மன்னிச்சுக்கோங்க, கவனிக்கவில்லை. கண்டக்டர் குரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "திண்டுக்கல் ஒட்டன்சத்திரம் தாராபுரம், உள்ள போ உள்ள போ, படி என்ன உங்க பாட்டன் சொத்தா" என்று நான் சொன்னதைக் கேட்டு, பின்னாடி நின்ற ரெண்டு பேர் நிஜமாகவே உள்ளே போய்விட்டார்கள். அங்கே பாருங்க, நிஜக் கண்டக்டர் முறைக்கிறார். முறைக்கட்டும். அவர் வேலையைத்தானே நான் பார்த்தேன்.

உட்காருங்க. அத்தைன்னு கூப்பிடலாமா? தாராபுரமா? நான் அதையும் தாண்டித் திருப்பூர் போகணும். பனியன் கம்பெனி. பேர் சந்தனமாரி. வயசு பத்தொன்பது.

அட, பழக்கதோஷம். பதினேழுதான் அத்தை. கம்பெனி அட்டையில் பத்தொன்பது. யார் கேட்டாலும் வாய் தானாகவே பத்தொன்பது என்று சொல்லிவிடும். போன மாசம் கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்ட அய்யரிடமும் பத்தொன்பது என்றேன். அவர் வயசே கேட்கவில்லை.

பொழுது போகணும், ஒரு கதை சொல்லட்டுமா? சிரிப்புக் கதைதான். எங்கள் கம்பெனிக்கு வேவு பார்க்க ஒருத்தி வந்தாள். நம்மளைப் போல ஒரு கூலிக்காரி மாதிரி வேஷம் போட்டு வந்தாள். வேவு பார்க்க வந்தவளை எங்கள் செக்ஷன் நாற்பது பேரும் சேர்ந்து வேவு பார்த்தோம். அவளுக்குக் கடைசி வரை தெரியாது.

முதலில் எங்கள் அக்காவைச் சொல்லணும். வைரமணி. என்னைவிட ஆறு வயசு மூப்பு. நான் எவ்வளவு வாயோ அவள் அவ்வளவு ஊமை. நாங்கள் ரெண்டு பேரும் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒன்றாகத்தான் போனோம். என்னைச் செக்கிங் டேபிளில் போட்டார்கள். தைத்து வரும் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நூல் பிசிறை வெட்டுகிற வேலை. அவளை ஸ்பாட் ரூமில் போட்டார்கள்.

ஸ்பாட் ரூம் என்றால், வெள்ளைப் பனியனில் மிஷின் எண்ணெய்ச் சொட்டு விழுந்துவிடும் இல்லையா, அதை எடுக்கிற இடம். துப்பாக்கி மாதிரி ஒன்று இருக்கும். அதில் மருந்து ஊற்றிக் கறை மேல் பீய்ச்சினால், கண் மூடித் திறப்பதற்குள் கறை பறந்துவிடும். மருந்தும் பறந்துவிடும். எங்கே பறக்கும்? அவ்வளவு சின்ன ரூமில் எங்கே போகும்? மாடிப்படிக்கு அடியில் ரூம். காற்று வர வழி கதவு ஒன்றுதான். அதனால் கதவை எப்போதும் திறந்து, ஒரு அட்டைப் பெட்டியை முட்டுக்கொடுத்து வைத்திருப்பாள். கை நிதானமான ஆள்தான் அங்கே வேண்டும். வைரமணிக்குக் கையும் நிதானம், வாயும் நிதானம். கேட்கவா வேணும்.

முதலில் தலைவலி என்றாள். பிறகு சோறு இறங்கவில்லை என்றாள். அப்புறம் ஒரு நாள், "மாரி, தரையில நடந்தா பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குடி" என்றாள். நான் சிரித்தேன். அவளே உவமை எல்லாம் சொல்கிறாளே என்று.

ஆனாலும் பயம் வந்துவிட்டது அத்தை. அன்றைக்கே நித்யகல்யாணி மேடத்திடம் போனேன். ஹெச்.ஆர். மேடம். எப்படிப் பேசுவாங்க தெரியுமா, வெண்ணெய் தடவின மாதிரி: "பாரும்மா, நாம எல்லாரும் ஒரே ஃபேமிலிதானே. ஃபேமிலில யாராவது கஷ்டப்பட்டா எனக்குத் தூக்கம் வருமா?" அச்சு அசல் இல்லையா? அவங்க குரலில் நான் ஒரு தடவை மைக்கில் 'இன்று அரை நாள் லீவு' என்று அறிவித்துவிட்டேன். அறுபது பேர் கேட் வரைக்கும் போய்விட்டார்கள். அதற்காகத்தான் மேடத்துக்கு என்னைத் தெரியும்.

மேடம் அன்றைக்கு ஒரு வழி சொன்னாங்க. வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுக்க வேண்டுமென்றால் வருஷத்துக்கு ரெண்டு தடவை ஆடிட் வரும். எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முன்னாடியே ஒத்திகை நடக்கும். "நீதான் எல்லார் மாதிரியும் பேசறியே மாரி. ஆடிட்டர் மாதிரி நீ பேசு. பொண்ணுங்களுக்குப் பயம் போகணும். ஆடிட் நல்லபடியா முடிஞ்சா உங்க அக்காவை என் கையால செக்கிங்குக்கு மாத்தறேன்."

கையில் அடித்துச் சத்தியம் செய்யவில்லை. ஆனால் என் கன்னத்தைத் தட்டினாங்க. எனக்கு அது போதும். வைரமணியை அந்த ரூமிலிருந்து வெளியே இழுக்க எனக்குத் தெரிந்த ஒரே கயிறு அது.

சனிக்கிழமை தோறும் கேன்டீனில் ஒத்திகை. கண்ணாடி இல்லாத கண்ணாடி பிரேமை மாட்டிக்கொள்வேன். மேடத்தின் அட்டையைக் கழுத்தில் தொங்கவிடுவேன். "சொல்லுங்க சிஸ்டர். பயப்படாதீங்க. நீங்க சொல்றது நமக்குள்ளதான் இருக்கும்." எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டு பதில். லூர்து அக்கா, எங்கள் டேபிளில் மூத்தவள், திண்டுக்கல்காரி, எப்போதும் குழப்புவாள். "எத்தனை மணி நேரம் வேலை?" என்றால் "மாஸ்க் குடுத்திருக்காங்க" என்பாள். வைரமணிக்கு நடிக்க வராது. அதனால் எழுத்தெழுத்தாக மனப்பாடம் பண்ணினாள். ராத்திரிப் பாயில் புரளும்போதுகூட முணுமுணுப்பாள். என் வகுப்பில் முதல் மாணவி அவள்தான். வாத்தியாருக்குப் பெருமை இருக்காதா?

தீபாவளிக்குப் போன பாதிப் பேர் திரும்பி வராத நேரத்தில் செல்லக்கிளி வந்து சேர்ந்தாள். செக்கிங்கில் ஹெல்ப்பர். இருபத்தாறு வயசாம். இந்தக் காலத்தில் இருபத்தாறு வயசுக்காரிக்கு யாராவது செல்லக்கிளி என்று பேர் வைப்பார்களா அத்தை? அவள் பாட்டிக்கே வைத்திருக்க மாட்டார்கள். கிராமத்துப் பேராக ஒன்று வேண்டும் என்று யோசித்து, கொஞ்சம் அதிகமாக யோசித்துவிட்டாள்.

"எந்த ஊருத்தா?" என்றாள் லூர்து அக்கா.

"ஒட்டன்சத்திரம் பக்கமுங்க."

"பக்கம்னா?"

"பக்கத்துல ஒரு ஊருங்க."

காலையில் "ஏனுங்க, வாங்கோ" என்பாள். மத்தியானம் "அவுக வாராக" என்பாள். சாயங்காலம் டீ குடிக்கும்போது நாஞ்சில் பக்கம் போய்வருவாள். ஒரு நாளைக்குள் தமிழ்நாட்டையே சுற்றிவிடுவாள். மற்றவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அது அவள் குரல் இல்லை, கடன் வாங்கின குரல். திருடனுக்குத்தானே திருடனின் நடை தெரியும்.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு வேலை செய்தேன். டீ நேரத்தில் அவள் மாடிப்படிப் பக்கம் தனியாக நின்று, காலி மருந்து டப்பாவில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் அதைப் படித்தது கிடையாது. பெட்டிகளுக்குப் பின்னாடி ஒளிந்துகொண்டு, எங்கள் இன்சார்ஜ் துரைராசு அண்ணன் குரலில் விட்டேன் ஒன்று: "ஏம்புள்ள, அக்கட்ட என்ன சோலி உனக்கு? டப்பாவுல கத எழுதியிருக்குதா?"

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. டப்பா ஒரு பக்கம் உருண்டது. "சாரி சார், ஐ வாஸ் ஜஸ்ட் லுக்கிங்" என்றாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு, "ஆத்தி, பயந்தே போயிட்டேனுங்க" என்றாள். ஒரே மூச்சில் ரெண்டு பேர்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள், பாவம். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், அவள் கை கழுவப் போன சமயம், டேபிளில் மொத்தமும் நடித்துக் காட்டினேன். டப்பா உருண்டதிலிருந்து, இங்கிலீஷ், ஆத்தி, எல்லாம். சிரிப்பு என்றால் அப்படிச் சிரிப்பு. ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. அப்புறம் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். கடைசியில் நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

லூர்து அக்கா சொன்னாள்: "ஏய் மாரி, அவ ஆடிட்டுக்காரிடி."

"அதுக்குத்தான சிரிக்கோம்."

"சிரிச்ச வாயில மண்ணு விழும். பக்கத்துக் கம்பெனி கேட்டுல பூட்டுத் தொங்குறதப் பாத்தியா? அங்கயும் இப்படித்தான் ஒருத்தி வந்தா. நம்மள மாதிரியே சீலையக் கட்டிக்கிட்டு. ஒரு கூறுகெட்டவ அவகிட்ட அழுதுட்டா. மூணே மாசம். வெள்ளக்காரன் ஆர்டர எடுத்துட்டுப் போயிட்டான். அழுதவளும் வீட்டுக்குப் போனா, அழாதவளும் வீட்டுக்குப் போனா."

சோறு ஆறிப்போனது. அங்கேயே, எந்தக் கூட்டமும் போடாமல், முடிவாகிவிட்டது. துரைராசு அண்ணனிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் அவளைக் கத்தி விரட்டுவார், அதுவும் ரிப்போர்ட்டில் ஏறும். நாமே பார்த்துக்கொள்வோம்.

பார்த்துக்கொண்டோம் பாருங்க, அதைத்தான் நீங்கள் பார்த்திருக்கணும். மூலையில் தூசி பிடித்துக் கிடந்த மாஸ்க்கை எல்லாரும் எடுத்து மாட்டினோம். கையுறையைத் தேடிப் போட்டோம். செல்லக்கிளி விளக்குமாற்றை எடுத்தால் நாலு கை வந்து பிடுங்கும். "நீங்க இருங்க, நாங்க பெருக்குறோம்" என்று ஹெல்ப்பரைப் போய் வாங்க போங்க என்று பேசினோம். அவள் உட்காரும் முன்னாடி ஸ்டூலைத் துடைத்தோம். லூர்து அக்கா ஞாயிற்றுக்கிழமை செய்த கருவாட்டுக் குழம்பில் அவளுக்கு நடுத்துண்டம். அவள் கேள்வி கேட்பாள், சும்மா பேச்சுவாக்கில், "ஏனுங்க்கா, லீவெல்லாம் குடுப்பாங்களா?" நாங்கள் பேச்சுவாக்கிலேயே ஐந்தாம் பதிலைச் சொல்வோம். "வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. தேவைப்படும்போது விடுப்பு வழங்கப்படும்." கருவாட்டை மென்றுகொண்டே இப்படிப் பேசினால் எப்படி இருக்கும்?

துரைராசு அண்ணனே குழம்பிப்போனார். "ஏம்புள்ளைங்களா, நாஞ் சொல்லாமயே மாஸ்க்கப் போட்டிருக்கறீங்க. உங்களுக்கெல்லாம் ஒடம்புக்கு என்ன?"

மிச்சம் இருந்தது ஸ்பாட் ரூம் ஒன்றுதான். ஆடிட் நாளென்றால் டப்பாக்களை எல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இது எத்தனை நாள் ஆடிட் என்று யாருக்குத் தெரியும்? கதவு திறந்திருந்தால் வாசனை ஹால் முழுக்க வரும். மாடிப்படிப் பக்கம் செல்லக்கிளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பதை நானே பார்த்தேன்.

அதனால் கதவைச் சாத்தினோம்.

வைரமணி கேட்டாள், "எத்தன நாளைக்குடி?"

"அவ போற வரைக்குந்தான். இது நல்லபடியா முடிஞ்சா நீ என் பக்கத்துல செக்கிங்ல உக்காருவ. மேடம் சொல்லியிருக்காங்கள்ல?"

"சரி" என்றாள். அவள் எப்போதும் அவ்வளவுதான்.

கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தது. கட்டிங் வேஸ்ட் துணியைச் சுருட்டி நான்தான் அடைத்தேன். தினமும் காலையில் அவள் உள்ளே போனதும் அடைப்பேன். சுத்தமாக அடைக்கணும் இல்லையா? அரைகுறையாகச் செய்தால் அவள் பட்ட கஷ்டம் எல்லாம் வீண். நான் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டேன் அத்தை.

இப்படியே அவள் வந்து பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் மத்தியானம் கதவு தானாகத் திறந்தது. வைரமணி வெளியே வந்தாள். ரெண்டு எட்டு வைத்தாள், படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். ஓடி வந்தவள் யார்? செல்லக்கிளி. எங்களுக்கெல்லாம் முன்னாடி ஓடினாள். தலையைப் பிடித்துக்கொண்டாள், தண்ணீர் கொடுத்தாள், தன் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கதவுக்குள் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அவள் பேசினது ஒட்டன்சத்திரமும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை. அவள் சொந்தக் குரல். நல்ல குரல் அத்தை, கொஞ்சம் கரகரப்பு. அதை மட்டும் நான் செய்து காட்ட மாட்டேன்.

"எங்கிட்ட உண்மையச் சொல்லுங்க. உங்க பேரு எங்கயும் வராது. இந்த ரூமுக்குள்ள தினம் எவ்வளவு நேரம் இருக்கீங்க?"

நான் செல்லக்கிளிக்குப் பின்னாடி போய் நின்றேன். லூர்து அக்காவும் வந்து நின்றாள். டேபிள் முழுக்க எழுந்து வந்துவிட்டது. யாரும் கூச்சல் போடவில்லை. வைரமணி செல்லக்கிளியைப் பார்த்தாள். அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்குப் பதில் மறந்துவிட்டது போல என்று நினைத்து, ஒத்திகையில் எடுத்துக்கொடுப்பது மாதிரி ஒன்பதாம் பதில் என்று ஒன்பது விரலைக் காட்டினேன்.

"மாஸ்க் குடுத்திருக்காங்க" என்றாள் வைரமணி. "கையுறை குடுத்திருக்காங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ வெளியே வந்து காத்து வாங்குவோம். கதவ மூடி வச்சி, வாசன மத்தவங்களுக்குப் போகாமப் பாத்துக்குவோம். எங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

"அப்ப இந்த வாந்தி?"

"காலைல பூரி தின்னேன். சேரல."

பூரியும் கதவும் நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. அவளாகச் சேர்த்தது. நடிக்கவே வராத பிள்ளை. எனக்குக் கை தட்டணும் போல இருந்தது.

செல்லக்கிளி எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லேன்" என்றாள். இவ்வளவு பேர் நிற்கும்போது என்னைப் போய்க் கேட்கிறாள். நான் என்ன செய்வேன்? மேடம் குரலில், வெண்ணெய் தடவி, "நாம எல்லாரும் ஒரே ஃபேமிலிதானே சிஸ்டர்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் என்றால், நாங்கள். அவள் ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே போனாள். மறுநாள் வரவில்லை.

அவள் ஒழுங்காக நடித்திருந்தால் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். நான் கண்டுபிடிக்காவிட்டால் லூர்து அக்காவே பாதியை உளறியிருப்பாள். அப்படிப் பார்த்தால் தப்பு யார் மேலே, சொல்லுங்க. ஒரு வேலைக்கு வருகிறவள் வேலையைக் கற்றுக்கொண்டு வரணும்.

ஒரு மாசம் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டாங்க. கையில் காகிதம், கண்ணில் தண்ணீர். "மாரி, நமக்கே தெரியாம ஆள் அனுப்பி விசாரிச்சிருக்காங்க. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியலயாம். ஆர்டரை ரெண்டு மடங்கு ஆக்கிட்டாங்க." எனக்கு ரெண்டு லட்டு கொடுத்தாங்க. அப்போதுதான் நான் கேட்டேன், அக்காவை எப்ப மேடம் மாத்துவீங்க?

"அதாம்மா விஷயம். ரிப்போர்ட்ல ஸ்பாட் ரூமைத்தான் தனியா எழுதியிருக்காங்க. 'பயிற்சி பெற்ற பணியாளர், மூடிய அறை, பாதுகாப்பான முறை'ன்னு. நல்ல பேரு வாங்கின இடத்துல ஆளை மாத்தினா கேள்வி வராதா? கொஞ்ச நாள் போகட்டும்."

நியாயந்தானே அத்தை. நான் ரெண்டாவது லட்டை வைரமணிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் அதை வைத்துக்கொண்டு, "அவ கிட்டச் சொல்லியிருக்கலாமோடி" என்றாள். எவ கிட்ட என்றேன். லட்டைத் தின்னவில்லை. பூரி மட்டுமா, இப்போது லட்டும் சேராதா என்று கிண்டல் பண்ணினேன்.

அன்றையிலிருந்து கதவைச் சாத்தி வைப்பது கம்பெனி விதியாகிவிட்டது. போர்டு எழுதித் தொங்கவிட்டார்கள். துணி அடைத்த இடத்தில் இப்போது ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். நான் அடைத்ததைவிட நன்றாக அடைக்கிறது.

பொங்கலுக்கு முன்னாடி ஒரு நாள் ஹாஸ்டலுக்கு நடந்து வரும்போது வைரமணி ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தாள். மற்றது எங்கே என்றால் குனிந்து பார்க்கிறாள். கழன்று விழுந்தது தெரியவில்லை. பாதத்தில் ரத்தம், அதுவும் தெரியவில்லை. டாக்டர் நரம்பு என்றார். எந்த மருந்து வைத்து வேலை செய்கிறாள் என்று கேட்டார். எங்கள் யாருக்கும் பேர் தெரியவில்லை. அதைப் படித்த ஒருத்தியும் போய்விட்டாளே.

நேற்றுத்தான் ஊரில் கொண்டுபோய் விட்டேன். சுவரைப் பிடித்து நடக்கிறாள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டால் பகல் முழுக்கத் தனியாக இருப்பாள். கிளம்பும்போது, "நீ போகாதடி" என்றாள். வைரமணி அவளாக வாய் திறந்து என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். துரைராசு அண்ணன் குரலில் "போச்சாது போ புள்ள, பரவால்ல உடு" என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

போகாமல் எப்படி? அவள் இடம் எனக்குத்தான் வந்திருக்கிறது. ஒரு மாசமாக அங்கேதான் இருக்கிறேன். மேடமே சொன்னாங்க, வைரமணி தங்கச்சி என்றால் நம்பி விடலாம் என்று. உட்கார்ந்து செய்கிற வேலை. அதட்ட ஆள் கிடையாது. கதவு சாத்தியிருப்பதால் நான் உள்ளே எந்தக் குரலில் பேசினாலும் வெளியே கேட்காது, எனக்கே திரும்பி வரும். நாலு பேர் கூட இருக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதெல்லாம் ஒன்றும் செய்யாது அத்தை. அவள் உடம்பு வேறு, என் உடம்பு வேறு. காலையில் கொஞ்சம் தலை கனமாக இருக்கும். அது இந்தப் பஸ்தான்.

எவ்வளவு கூட்டம் பாருங்க, மூச்சு முட்டுகிறது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்களேன்.

திறந்துதான் இருக்கா? சரி.